ஜக்கார்டு என்னும் மனிதர்

எங்கள் ஊரில் ஜக்கார்டு என்ற சொல்லைச் சொல்லாத வாய் இல்லை. ஆரணியில் பட்டு நெய்யும் தெரு எதில் நுழைந்தாலும், பொழுது விடிந்தது முதல் அந்தப் பெட்டியின் சத்தம் காதில் விழும். ஜக்கார்டுக்கு எண்ணெய் விட வேண்டும், ஜக்கார்டு சரியாகத் தூக்கவில்லை, ஜக்கார்டு அட்டை அறுந்துவிட்டது என்று நாள் முழுதும் அதே பேச்சு. பிறந்தது முதல் இச்சொல்லைக் கேட்டு வளர்ந்த எனக்கு, அது ஒரு மனிதரின் பெயர் என்பது கல்லூரிக்கு வரும் வரையில் தெரியாது. அம்மி, உரல் போல அதுவும் ஒரு பொருளின் பெயர் என்றே எண்ணியிருந்தேன். நான் விவரம் சொன்ன பிறகும் என் அப்பாவுக்கு அதில் முழு நம்பிக்கை வரவில்லை. அப்படியானால் அந்த மனிதருக்குத் தறி ஓட்டத் தெரியுமா என்று மட்டும் கேட்டார். தெரியும் என்றேன். அதற்குப் பிறகுதான் கொஞ்சம் மரியாதையோடு காது கொடுத்தார்.

கணிப்பொறி அறிவியல் பயிலும் மாணவன் ஒருவன், இருநூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த பிரெஞ்சு நெசவாளர் ஒருவரைப் பற்றிக் கல்லூரி மலரில் எழுதுவானேன் என்று நண்பர்கள் சிலர் நினைக்கலாம். சென்ற கோடை விடுமுறையில் நான் செய்த ஒரு பிழைதான் காரணம். அதைச் சொல்லாமல் விடமாட்டேன். முதலில் அவர் கதையைத் தொடங்குகிறேன்.

1751 டிசம்பரில் எங்கள் ஊரருகே நடந்த ஆரணிப் போரை வரலாற்று மாணவர்கள் படித்திருப்பார்கள். ராசா சாகிப்பின் படையையும் அவருக்குத் துணைநின்ற பிரெஞ்சுக்காரர்களையும் கிளைவ் அங்கே தோற்கடித்தார். அந்தப் புழுதி அடங்கி ஏழு மாதம் கழித்து, 1752 ஜூலை 7-ஆம் நாள், பிரான்சு நாட்டின் லியோன் நகரத்தில் ஒரு நெசவாளர் வீட்டில் ஜோசப் மாரி பிறந்தார். போருக்கும் பிறப்புக்கும் தொடர்பு ஒன்றுமில்லை. ஆனால், ஆரணியை வெல்ல முடியாமல் திரும்பிய நாட்டிலிருந்து பின்னாளில் ஒரு மரப்பெட்டி வந்து எங்கள் தெருக்களையெல்லாம் பிடித்துக்கொண்டது என்று நினைக்கும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது.

லியோன், ரோன் ஆறும் சோன் ஆறும் கூடும் இடத்தில் அமைந்த பட்டு நகரம். தந்தை ழான் சார்ல் அங்கே தலைமை நெசவாளர். சொந்தத் தறிகள் உடையவர். குடும்பப் பெயர் சார்ல் என்பதுதான். அதே பெயரில் பல கிளைகள் இருந்ததால், அடையாளத்துக்காக ஒரு கிளைக்கு ஜக்கார்டு என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. எங்கள் தெருவிலும் ஒரே பெயரில் நான்கு பேர் இருந்தால் கிணற்று வீடு, மாடி வீடு என்று அடைமொழி வைத்துத்தான் கூப்பிடுவார்கள். ஆக, உலகமெங்கும் இன்று புழங்குவது ஒரு தெருப் பட்டப்பெயர்.

தாய் அந்துவானெத் ரீவ் செய்த வேலை கவனிக்கத்தக்கது. ஓவியர் கட்டம் போட்ட தாளில் வரைந்து தரும் பூவைப் பார்த்து, எந்த வரிசையில் எந்தெந்த இழை மேலே எழ வேண்டும் என்று படித்துச் சொல்வது அவர் தொழில். தாளில் உள்ள படத்தைத் தறிக்குப் புரியும் கணக்காக மாற்றுகிற வேலை அது. இன்று நாம் நிரல் எழுதுவது என்று சொல்கிறோமே, அதன் பாட்டி என்று இதைச் சொன்னால் தவறில்லை. ஜோசப்புக்குப் பத்து வயதானபோது, 1762-இல், அந்த அம்மையார் இறந்துவிட்டார். வீட்டில் பிறந்த ஒன்பது குழந்தைகளில் மிஞ்சியவர்கள் இவரும் ஒரு சகோதரியும்தான்.

பள்ளிக்கூடம் அவருக்கு வாய்க்கவில்லை. பதின்மூன்று வயது வரையில் எழுதப் படிக்கத் தெரியாது. பிறகு அச்சுத் தொழிலும் புத்தக வியாபாரமும் செய்துவந்த சகோதரியின் கணவர்தான் எழுத்துக் கற்றுக்கொடுத்தார். சிறுவனாக இருந்தபோது தந்தையின் தறியில் கயிறு இழுக்கும் வேலை செய்தார் என்று வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன.

அந்தக் கயிறு இழுக்கும் வேலை என்ன என்பதை நெசவு அறியாத நண்பர்களுக்காகச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். வெறும் துணி நெய்ய, பாவு இழைகளில் பாதியைத் தூக்கி, பாதியைத் தாழ்த்தி, நடுவே ஊடை இழையை ஓடவிட்டால் போதும். காலால் மிதித்தே அதைச் செய்துவிடலாம். பூ நெய்ய வேண்டுமானால் அது போதாது. ஒவ்வொரு ஊடைக்கும் வேறு வேறு இழைகள் எழ வேண்டும். அதற்கென்று கட்டிய கயிறுகளை, நெய்பவர் சொல்லும் முறைப்படி, பக்கத்தில் இருக்கும் சிறுவன் இழுத்துப் பிடிப்பான். இழுப்பது சுமை தூக்குவதற்குச் சமம். ஒரு கயிறு மாறினால் பூ கெட்டது. அடி வேறு விழும். எங்கள் பக்கத்தில் அடை கட்டி நெய்த காலத்திலும் இப்படித்தான், தறிக்குப் பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று என் ஆயா சொல்லுவாள். அன்று பூவின் நினைவு முழுதும் மனிதரின் கையிலும் தலையிலும் இருந்தது.

இந்த நினைவை மனிதரிடமிருந்து எடுத்து ஒரு பொருளில் பதித்து வைக்க வேண்டும் என்ற எண்ணம் ஜக்கார்டுக்கு முன்பே லியோனில் பிறந்துவிட்டது. 1725-இல் பசீல் பூஷோன் என்பவர் துளையிட்ட காகிதச் சுருள் ஒன்றைத் தறியில் பொருத்தினார். துளை உள்ள இடத்தில் ஊசி அசையாது. துளை இல்லாத இடத்தில் ஊசி தள்ளப்படும். எந்தக் கயிற்றை இழுப்பது என்பதை அந்தச் சுருளே காட்டிவிடும். உலகின் முதல் தகவல் நாடா என்று இதைச் சொல்லலாம். எந்த நாடாவுக்கும் உள்ள நோய் இதற்கும் இருந்தது. நடுவில் ஓர் இடம் கிழிந்தால் சுருள் முழுதும் பாழ். மூன்று ஆண்டு கழித்து, 1728-இல், பால்கோன் என்பவர் சுருளை விட்டுவிட்டு, தனித்தனி அட்டைகளைக் கயிற்றால் கோத்து மாலையாக்கினார். ஓர் அட்டை கெட்டால் அந்த ஓர் அட்டையை மாற்றினால் போதும். 1745-இல் வோகான்சோன் என்ற பெரும் பொறியாளர், தறியின் தலைமேல் அமர்ந்து தானாக இயங்கும் அமைப்பு ஒன்றைச் செய்தார். அதில் துளையிட்ட உருளை இருந்தது. உருளையின் சுற்றளவுக்குள் அடங்கும் பூவைத்தான் நெய்யலாம் என்பதால் அது பரவவில்லை. பாரிசில் ஒரு மூலையில் தூங்கியது.

நம் ஜக்கார்டு இதையெல்லாம் அறியாமல் நாற்பது வயது வரையில் தடுமாறிக்கொண்டிருந்தார். 1772-இல் தந்தை இறந்தார். வீடும் தறிகளும் ஒரு திராட்சைத் தோட்டமும் கல்குவாரியும் இவர் கைக்கு வந்தன. 1778-இல் கிளோதீன் புவாஷோன் என்ற விதவையை மணந்தார். மறு ஆண்டு ஒரு மகன் பிறந்தான். சொத்து தங்கவில்லை, கடன் வந்தது, ஒவ்வொன்றாக விற்றார். மனைவி வைக்கோல் தொப்பி பின்னிக் குடும்பத்தைக் காப்பாற்றினார் என்றும் ஒரு கதை உண்டு.

பிறகு புரட்சி வந்தது. 1793-இல் லியோன் நகரம் பாரிசின் புரட்சி அரசை எதிர்த்து நின்றபோது, ஜக்கார்டு நகரைக் காக்கும் பக்கம் நின்றார். நகரம் வீழ்ந்ததும், பதின்பருவ மகனோடு தப்பியோடி, தாம் எதிர்த்து நின்ற அதே புரட்சிப் படையில் தந்தையும் மகனுமாகச் சேர்ந்துகொண்டார்கள். உயிர் பிழைக்க அதுவே வழியாக இருந்திருக்கும். போர்க்களத்தில் மகன் இறந்துபோனான். தந்தை தனியே லியோனுக்குத் திரும்பினார். ஒரே மகன். இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் நான் நின்றுவிடுகிறேன். இவருடைய பெரிய வேலைகள் எல்லாம் இதற்குப் பிறகுதான் நடந்தன.

1800-இல், கயிறு இழுக்கும் ஆளில்லாமல் மிதித்தே நெய்யும் ஒரு தறிக்கு உரிமை பெற்றார். 1801-இல் பாரிசுக் கண்காட்சியில் அதற்கு வெண்கலப் பதக்கம் கிடைத்தது. மீன்வலை பின்னும் பொறி ஒன்றும் செய்தார். அதன் பேரில் பாரிசுக்கு அழைக்கப்பட்டார். அங்கே தொழிற்கலைக் காப்பகத்தில், தூங்கிக்கிடந்த வோகான்சோன் தறி இவர் கண்ணில் பட்டது. வோகான்சோன் உச்சியில் வைத்த அமைப்பையும், பால்கோன் கோத்த அட்டை மாலையையும் இவர் ஒன்று சேர்த்தார். உருளைக்குப் பதில் நான்கு முகம் கொண்ட ஒரு கட்டை. அதன்மேல் எத்தனை அட்டை வேண்டுமானாலும் ஓடலாம். 1804-இல் அது உருப்பெற்றது. எங்கள் வீட்டுத் தறியின் தலைமேல் இருப்பது அதன் வழிவந்ததே.

அது வேலை செய்யும் விதம் மிக எளியது. ஓர் ஊடைக்கு ஓர் அட்டை. காலை மிதித்தால் கட்டை வந்து ஊசிகளின் முனையில் மோதும். துளை இருந்தால் ஊசி அதில் நுழைந்துகொள்ளும். அதோடு சேர்ந்த கொக்கி தன் இடத்தில் நிற்கும். மேலெழும் கத்தி அதைத் தூக்கிச் செல்லும். துளை இல்லையேல் ஊசி பின்னே தள்ளப்படும், கொக்கி விலகிப்போகும், இழை எழாது. உண்டு, இல்லை என்ற இரண்டே சொற்களில் மயிலும் அன்னமும் மாங்காயும் எழுதப்பட்டுவிடுகின்றன.

குறை வந்தால் கண்டுபிடிக்கும் முறையும் அதைப்போலவே எளியது. எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது அப்பா சொல்லிக்கொடுத்தார். துணியில் ஒரே இழையில் நெடுகக் கோடு விழுந்தால் அட்டையைத் தொடாதே. கொக்கியைப் பார், ஊசியைப் பார், கயிற்றைப் பார். ஒவ்வொரு புட்டாவிலும் அதே இடத்தில் அதே குறை வந்தால் தறியைத் தொடாதே, அட்டையைப் பார். ஒரு நேரம் வந்து ஒரு நேரம் வராமல் போனால், கட்டை சரியாக மோதவில்லை, தூசி அடைத்திருக்கிறது, அல்லது சுருள்கம்பி தளர்ந்திருக்கிறது. எதையும் கழற்றுவதற்கு முன் துணியை விரித்து, குறை எங்கே எங்கே விழுந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். நான் தலையாட்டினேன். அதன் பயன் ஒன்பது ஆண்டு கழித்துத்தான் விளங்கியது.

இப்போது என் பிழைக்கு வருகிறேன். சென்ற கோடையில் பயிற்சிக்காக ஓர் அலுவலகத்தில் இரண்டு மாதம் இருந்தேன். அங்கே யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளத்தில் ஓடும் பழைய கணிப்பொறி ஒன்று. அதன் பக்கத்தில் ஒரு காந்த நாடா இயந்திரம். கணக்கு, சம்பளம், உறுப்பினர் பட்டியல், கடிதங்கள் என்ற நான்கு தொகுதிகளும் ஒவ்வோர் இரவும் தாமாக நாடாவில் நகலெடுக்கப்படும். காலையில் போய் நாடாவை மாற்றுவதும், திரையில் வந்திருக்கும் செய்தியைப் பார்த்துப் பதிவேட்டில் சரி என்று எழுதிக் கையொப்பம் இடுவதும் என் வேலை. அந்த நாடா அரை அங்குல அகலம், 846 மீட்டர் நீளம், 1.5 டெராபைட் கொள்ளும். ஆறேகால் முழச் சேலை என்று எண்ணிவிடாதீர்கள். ரவிக்கையோடு சேர்த்து 6.2 மீட்டர் சேலை என்று கணக்குப் போட்டால், 136 சேலைக்கான நீளம் ஓர் உள்ளங்கைப் பெட்டிக்குள் சுருண்டு கிடக்கிறது. முதல் நாள் நான் வியந்தது அதற்குத்தான். இன்னொன்றுக்கும் வியந்தேன். கோப்புகளைக் கட்டி நாடாவில் ஏற்றும் கட்டளைக்கு டார் என்று பெயர். நாடாக் காப்பகம் என்பதன் ஆங்கிலச் சுருக்கம். 1979-இல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலிருந்து இருந்துவருகிறது. எங்கள் வீட்டில் ஆயா ராட்டையில் சுற்றுவதும் தார். அந்தத் தாரைச் செருகி ஓட விடுவதும் நாடா. பிறந்த வீட்டுக்கே வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். அந்த மிதப்புத்தான் கெடுத்தது.

இருபத்திரண்டு காலை, இருபத்திரண்டு சரி எழுதினேன். இருபத்துமூன்றாம் நாள் கணிப்பொறியின் வட்டு செயலிழந்தது. பரவாயில்லை, நாடா இருக்கிறது என்றார்கள். புது வட்டு வைத்து, முந்தின இரவின் நாடாவைப் போட்டு, பட்டியலைக் கேட்டேன். கடிதங்கள் வந்தன. அவ்வளவுதான். கணக்கு இல்லை, சம்பளம் இல்லை, உறுப்பினர் பட்டியல் இல்லை.

முதலில் எல்லோரும் இயந்திரத்தைப் பழித்தோம். தலையில் அழுக்கு என்று சுத்தம் செய்யும் நாடாவைப் போட்டோம். இணைப்புக் கம்பியை மாற்றினோம். ஒருவர் நாடாதான் கெட்டுவிட்டது என்றார். அதற்கு முந்தின இரவின் நாடாவைப் போட்டோம், கடிதங்கள் மட்டும். அதற்கும் முந்தியது, கடிதங்கள் மட்டும். மாலை வரையில் பதினொரு நாடா. வேர்த்துக் கொட்டியது. அப்போதுதான் அப்பா துணியை விரித்துப் பார்க்கச் சொன்னது நினைவுக்கு வந்தது. இயந்திரம் கெட்டிருந்தால், கடிதங்களும் தப்பியிருக்க மாட்டா. ஒரு நாடா கெட்டிருந்தால், குறை அந்த நாடாவோடு போயிருக்கும். அழுக்கு என்றால், வந்தும் வராமலும் இருந்திருக்கும். எந்த நாடாவைப் போட்டாலும் அதே குறை, அதே இடத்தில். இது அட்டைக் குறை. தறியை விட்டுவிட்டு அட்டையைப் பார்க்க வேண்டும்.

இரவில் ஓடும் கட்டளைத் தொகுப்பைத் திறந்து வரி வரியாகப் படித்தேன். பிழை ஓர் எழுத்தில் இருந்தது. அந்த இயங்குதளத்தில் ஒரே நாடா இயந்திரத்துக்கு இரண்டு பெயர் உண்டு. எஸ்.டி. என்று தொடங்கும் பெயரால் அழைத்தால், வேலை முடிந்ததும் நாடாவைத் தொடக்கத்துக்குச் சுற்றிவிடும். முன்னால் ஓர் என் சேர்த்து என்.எஸ்.டி. என்று அழைத்தால், முடிந்த இடத்திலேயே நிற்கும். தொகுப்பில் நான்கு முறையும் என் இல்லாத பெயர். கணக்கை எழுதியது, சுற்றியது. அதன்மேல் சம்பளத்தை எழுதியது, சுற்றியது. அதன்மேல் பட்டியல், அதன்மேல் கடிதங்கள். நான்கு முறையும் எழுதி முடித்தது உண்மை. ஆகவே நான்கு முறையும் வெற்றி என்ற செய்தி வந்ததும் உண்மை. நான் எழுதிய சரி மட்டும்தான் பொய்.

இன்னும் ஒன்று என்னை வாட்டியது. கடிதத் தொகுதி சிறியது. அது நாடாவின் முன்பகுதியை மட்டுமே நிரப்பியிருந்தது. பெரிய தொகுதிகளின் மிச்சம் அதற்கு அப்பால் அந்த நாடாவிலேயே இருந்திருக்கும். ஆனால் கடிதங்களின் முடிவில் இயந்திரம் ஒரு முடிவுக் குறி இட்டுவிட்டது. அந்தக் குறியைத் தாண்டி அது படிக்காது. கையில் இருந்தும் எட்டாத பொருள்.

சம்பளமும் கணக்கும் காகிதச் சீட்டுகளிலிருந்து மறுபடி ஏற்றப்பட்டன. மூன்று வாரம் ஆயிற்று. ஓய்வு பெற இருந்த ஓர் அம்மையார் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து எண் அடித்தார். என்னை யாரும் ஒரு சொல் ஏசவில்லை. தொகுப்பை எழுதியவன் நானில்லை; நான் வருவதற்கு முன்பே அது அப்படித்தான் இருந்தது. ஆனாலும் பதிவேட்டில் இருந்தது என் கையொப்பம். ஒரே ஒரு நாள், ஒரே ஒரு கோப்பை நாடாவிலிருந்து திரும்ப எடுத்துப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். எங்கள் தெருவில் புதிதாக அடித்த அட்டையை நம்பி யாரும் சேலையைத் தொடங்குவதில்லை. நாலு விரல் நெய்து, பூவைப் பார்த்து, பிறகுதான் மேலே போவார்கள்.

பயிற்சி முடியும் முன் தொகுப்பைத் திருத்தினேன். என் சேர்த்தேன். நான்கும் எழுதி முடிந்ததும் நாடாவைச் சுற்றி, ஒவ்வொரு தொகுதியாக முன்னே நகர்த்திப் பட்டியல் எடுத்து, ஒரு கோப்பை வேறோர் இடத்தில் இறக்கி, மூலத்தோடு ஒப்பிடும் வரிகளைச் சேர்த்தேன். நாடா இயந்திரத்துக்குத் தகவல் மெதுவாக வந்தால் அது நின்று, பின்னே போய், மறுபடி முன்னே வந்து தேய்ந்துபோகும் என்பதையும் அப்போது கற்றேன். எங்கள் நாடா அப்படியும் இப்படியும் ஓடினால் துணி வளரும். அந்த நாடா ஓடினால் ஆயுள் குறையும்.

ஊருக்குத் திரும்பிய பின்தான் ஜக்கார்டு யார் என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். படித்தபோது, அவர் கதையின் பிற்பகுதி எனக்கு வேறு விதமாகத் தெரிந்தது. 1805-இல் நெப்போலியன் லியோனுக்கு வந்து தறியைப் பார்த்தார். கண்டுபிடிப்பு நாட்டுக்குப் பொதுவாக்கப்பட்டது. 1806-இல் ஜக்கார்டுக்கு ஆண்டுக்கு 3,000 பிராங்கு உதவித்தொகையும், ஓடும் தறி ஒவ்வொன்றுக்கும் 50 பிராங்கு வீதம் ஆறு ஆண்டுக்கு உரிமைத்தொகையும் ஏற்பாடாயின. வெற்றிக்கதை என்று இங்கேயே நிறுத்திவிடுவோர் பலர். ஆனால் அவர் செய்த பொறி அப்போது சரியாக ஓடவில்லை. அட்டை கட்டையின்மேல் ஒழுங்காக அமராது. நெய்தால் பூ பிசகும். அதைச் சீராக்கியவர் பிரெத்தோன் என்ற இயந்திர வேலைக்காரர். 1815 வாக்கில் அவர் செய்த திருத்தங்களுக்குப் பிறகே நெசவாளர்கள் நம்பி வாங்கினார்கள். அவர் பெயர் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. ஓடாத பொறியை ஓட வைத்தவருக்குச் சிலை இல்லை என்பது எனக்குச் சற்று மனக்குறைதான். பூஷோனுக்கும் பால்கோனுக்கும் அதே நிலைமை.

எதிர்ப்பும் இருந்தது. கயிறு இழுத்தவர்களின் பிழைப்பு போயிற்று. நெசவாளர்கள் தறியைத் தெருவில் போட்டு உடைத்தார்கள், அவரை ஆற்றில் தள்ளப் பார்த்தார்கள் என்றெல்லாம் கதைகள் உண்டு. எவ்வளவு உண்மை, எவ்வளவு கட்டுக்கதை என்று பிரித்துச் சொல்வது கடினம். அந்தச் சினத்தில் நியாயம் இருந்தது என்றே நான் நினைக்கிறேன். கயிறு இழுத்த சிறுவனுக்கு அந்த வேலை கொடியது. ஆனால் அந்தக் கூலியில்தான் அவன் வீட்டு அடுப்பு எரிந்தது. ஜக்கார்டு அதே வேலையைச் செய்தவர் என்பதால் இரண்டும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

1812-இல் பிரான்சில் 11,000 ஜக்கார்டு தறிகள் ஓடின என்று சொல்வார்கள். லியோனின் குரூவா ரூஸ் மேட்டில், இந்த உயரமான தறிக்காகவே நான்கு மீட்டர் உயரக் கூரையோடு வீடுகள் எழுந்தன. எங்கள் வீட்டிலும் ஜக்கார்டு வைக்க நடுக்கட்டின் ஓட்டைப் பிரித்து இரண்டு முழம் உயர்த்தினார் தாத்தா. தறிக்கு உயர்ந்த கூரை, மனிதர் படுக்கிற பக்கம் குனிந்து நுழைகிற அளவிலேயே இன்றும் இருக்கிறது.

1819-இல் அரசு ஜக்கார்டுக்கு விருது அளித்தது. லியோனுக்கு அருகே ஊலான் என்ற ஊரில் அமைதியாக வாழ்ந்து, 1834 ஆகஸ்டு 7-ஆம் நாள் மறைந்தார். அமைதி அவர் வீட்டில்தான். 1831-லும், அவர் இறந்த அதே 1834-லும், லியோன் நெசவாளர்கள் கூலிக்காகக் கிளர்ந்தெழுந்து தெருவில் குண்டடிபட்டு விழுந்தார்கள். 1840-இல் நகரில் அவருக்குச் சிலை வைத்தார்கள்.

சிலையைவிட எனக்குப் பிடித்தது 1839-இல் நெய்த அவருடைய பட்டு உருவப்படம். 24,000 அட்டைகள் கொண்டு நெய்தது. பார்த்தவர்கள் அதை அச்சுப் படம் என்றே எண்ணினார்களாம். இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ் அதில் ஒன்றை வாங்கித் தம் வீட்டில் மாட்டி வைத்திருந்தார். தாம் கற்பனை செய்த கணக்கிடும் பொறிக்கு ஆணையிட, அவர் தேர்ந்தெடுத்தது இதே துளையட்டைகள்தாம். 1890-இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கை ஹாலரித் துளையட்டையால் எண்ணினார். 1951, 1952-இல் அட்டைக்குப் பக்கத்தில் காந்த நாடா வந்தது. பூஷோன் விட்ட சுருள் இரண்டே கால் நூற்றாண்டு கழித்துத் திரும்பி வந்தது, பழைய நோயோடு.

சென்ற மாதம் பரண்மேல் இருந்த தாத்தாவின் அட்டைக் கட்டுகளை அப்பாவும் நானும் இறக்கினோம். இப்போது பூவைக் கணிப்பொறியிலேயே வரைந்துவிடுகிறார்கள். அட்டை இல்லாத மின்னணு ஜக்கார்டும் வந்துவிட்டது. பழைய அட்டைகளைப் பல வீடுகளில் எடைக்குப் போட்டுவிட்டார்கள். எங்கள் கட்டுகளில் பாதியைப் பூச்சி அரித்திருந்தது. எல்லாவற்றுக்கும் அடியில், ஒரு பழைய வேட்டியில் சுற்றி, 112 அட்டை கொண்ட ஓர் அன்னப் புட்டா இருந்தது. தாத்தா தம் தங்கையின் கலியாணச் சேலைக்காக அடித்தது என்று ஆயா சொன்னாள். அந்தச் சேலை இப்போது இல்லை. அட்டை மட்டும்தான் இருக்கிறது.

ஒவ்வோர் அட்டையாகப் படமெடுத்து, துளைகளைக் கணிப்பொறியில் ஏற்றி, இரண்டு இடத்தில் நகல் வைத்தேன். அட்டை அடிக்கும் கடையில் அதைக் கொண்டே புதுக் கட்டு ஒன்றும் அடித்து வாங்கினேன். திருப்தியாக இருந்தது. அப்பா எதுவும் சொல்லாமல் புதுக் கட்டைத் தறியில் மாட்டி, வெறும் பாவில் நாலு விரல் நெய்தார். அன்னம் வந்தது. கழுத்து வந்தது, சிறகு வந்தது. அலகு இருக்கும் இடத்தில் ஓர் இழை எழவில்லை. அடுத்த அன்னத்திலும் அதே இடம். அப்பா என்னைப் பார்த்தார். நான் எண்ணத் தொடங்கினேன், எழுபத்தொன்பதாவது அட்டை. பரணிலிருந்து எடுத்த மூல அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், அந்தத் துளையில் கரப்பான் முட்டைக் கூடு ஒன்று அடைத்துக்கொண்டிருந்தது. படத்தில் அது துளையில்லாத இடமாகத் தெரிந்திருக்கிறது.

ஆணி ஒன்றால் அதைத் தட்டிவிட்டு, புது அட்டை ஒன்றை அடித்து, எழுபத்தெட்டுக்கும் எண்பதுக்கும் நடுவே வைத்துத் தைத்தேன். கணிப்பொறியில் இருந்த இரண்டு நகல்களையும் அன்று இரவே திருத்தினேன். மறுநாள் காலை அப்பா மறுபடி நாலு விரல் நெய்தார்.